லாரியில் ஏறிய குண்டம்மா

அத்தியாயம் – 9

நாய்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆயர் கெலாடியின் மேட்டுப் பாதையில் லாரிகளின் உறுமல் எழுவதற்கு முன்பே அவை குரைக்கத் தொடங்கிவிட்டன.

நியுக் மொய் எழுந்து கதவைத் திறந்தாள். விடிந்தும் விடியாத நேரம். மரவள்ளித் தோட்டத்துக்கு அப்பால் சிப்பாய்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கத்தரிப் பாத்தியிலும் நின்றார்கள். இந்தப் பக்கம் கிணற்றடியிலும்.

"அத்தே, வந்துட்டானுங்க."

உள்ளே மாமியார் கியூ தாய் ஏற்கெனவே எழுந்து, கால்சட்டையின் இடுப்பு நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வரட்டும். வந்தவனுக்கு நாம என்ன டீயா போட்டுக் குடுக்கப் போறோம்? அடுப்பைப் பத்த வை. சின்னதை எழுப்பு. வயித்துக்குள்ள ஏதாவது போட்டுட்டுத்தான் இவனுங்க முகத்துல முழிக்கணும்."

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு இது எதிர்பார்த்த காலைதான். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறது, அதனால் காட்டோரத்துச் சீனர்கள் எல்லாரையும் அள்ளிக் கம்பி வேலிக்குள் வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு, இந்த 1951-ம் வருஷம் முழுக்க மலாயாவின் கின்தா பள்ளத்தாக்கில் அடிபட்டுக்கொண்டே இருந்தது. நியுக் மொய்யின் புருஷன் ஃபோ சென், சைக்கிளில் அரிசி மூட்டையோடு வந்தபோது பிடிபட்டான். மூன்று பெண்கள் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு அரிசி எதற்கு என்று கேட்டார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட என்று அவன் சொன்னது உண்மை. உண்மையாக இருந்து என்ன செய்ய? கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தக் கேம்ப்பில் வைத்திருக்கிறார்கள் என்பதுகூட இன்றுவரை தெரியாது.

அவன் போனதோடு, ஈயம் அலசும் அனுமதியும் போனது. ஆள் பிடிபட்ட வீட்டுப் பெண்கள் ஈயம் தோண்டும் லம்பத்துப் பக்கமே வரக்கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டான். மாமியாரும் மருமகளும் இடுப்பளவு நீரில் நின்று மணலை அலசிய மரத்தட்டுகள் இரண்டும் சுவரில் தொங்கின.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை பின்பக்கக் கொட்டிலில் படுத்திருந்தது. கருத்த, மலை மாதிரியான ஒரு சினைப் பன்றி. விற்கப் போகிற உயிருக்குப் பேர் வைக்கக்கூடாது என்று கியூ தாய் கண்டித்திருந்தாள். ஆனாலும் ஒன்பது வயது சூன் லின் ரகசியமாக அதற்குக் குண்டம்மா என்று பேர் வைத்திருந்தாள். ஒரு மாதத்தில் கியூ தாயும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

கஞ்சி கொதிப்பதற்குள் பாதையில் தகரக் குழாய் ஒலித்தது. துபாஷி லாவ். டவுனில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு சர்க்கார் வேலையில் சேர்ந்தவன். வெள்ளைக்கார ஆபீசர் சொல்வதைச் சீனத்தில் சொல்வது அவன் வேலை.

"எல்லாரும் சாமானைக் கட்டுங்க! மத்தியானத்துக்குள்ள வீடெல்லாம் காலியாகணும். லாரியில கொள்றதை ஏத்துங்க. ஆடு, கோழி, பன்னி எல்லாம் கடைசி லாரியில பின்னால வரும்!"

கியூ தாய் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, அந்தக் கடைசி லாரி எப்ப வரும்?"

"வரும்மா."

"வரும்னுதான் நீ முதல்லயே சொல்லிட்டியே. எப்ப வரும்னு கேட்டேன்."

லாவ் ஆபீசரைத் திரும்பிப் பார்த்தான். கேள்வியை மொழிபெயர்க்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு லியூ அக்கா, வாத்துகளைக் கூடையில் திணித்தபடியே கத்தினாள். "அதெல்லாம் வராது! மேட்டுக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி ஊர்ல இப்படித்தான் சொன்னானுங்க. கோழி ஒண்ணுகூட வரல. நான் இதுங்களை மடியில வெச்சுக்கிட்டுத்தான் போகப் போறேன். எவன் கேக்கறான்னு பார்க்கறேன்!"

வாத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். குண்டம்மாவை?

நியுக் மொய் கொட்டிலுக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் அப்படியே நின்றாள். குண்டம்மா ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்துகொண்டிருந்தது. வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக் கொண்டுவந்து மூலையில் குவித்தது. பிறகு முன்காலால் அதைப் பறித்தது. நியுக் மொய் குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பால் ஒட்டியது.

"அத்தே! பால் இறங்கிடுச்சு."

கியூ தாய் வந்து எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தானா? நேத்து போட்டுத் தொலைச்சிருந்தா குட்டிங்களைக் கூடையில அள்ளிட்டுப் போயிருக்கலாம். உன்னை மாதிரியே வாய்ச்சிருக்கு. ஊரே குண்டுக்குப் பயந்து ஓடறப்பதானே உனக்கும் வலி எடுத்துச்சு?"

அதுவும் உண்மை. ஜப்பான் விமானங்கள் வந்த அன்று, ரப்பர் தோட்டத்துச் சாக்கடைப் பள்ளத்தில்தான் சூன் லின் பிறந்தாள். தொப்புள்கொடியை அறுத்தது கியூ தாய்தான். அன்றும் இப்படித்தான் திட்டிக்கொண்டே அறுத்தாள்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றாள் நியுக் மொய்.

"என்ன பண்றது? சாமானைக் கட்டு. இதை அப்புறம் பார்ப்போம்."

அரிசிச் சட்டி, வாணலி, கொசுவலை, குலசாமிப் பலகை, ஊதுவத்தி நடும் மண்பானை. ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கியூ தாய் வெட்டுக்கத்தியை எடுத்துக் கதவின் கீல்களை நெம்பினாள்.

"பாட்டி, கதவை ஏன் கழட்டறீங்க?"

"நல்ல செங்கால் மரம்டி இது. உன் தாத்தாவோட கை பட்டது. இவனுங்க எரிக்கறதுக்கா?"

கீல் இரண்டும் கழன்று, கதவு அவள் தோளில் சாய்ந்தது. அறுபதை நெருங்கும் அந்தத் தோள் ஒரு சுளிப்புக்கூடக் காட்டவில்லை.

சாமான்கள் லாரிக்குப் போய்ச் சேர்ந்தன. லாரியின் மலாய் டிரைவர், வயசானவர், ஒவ்வொரு மூட்டையையும் தானே வாங்கி அடுக்கினார். நியுக் மொய் பன்றியைப் பற்றிச் சொன்னதும் அவர் கை நின்றது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. என் வண்டியில அதை ஏத்த முடியாது."

"கோவம் என்ன அண்ணே. உங்க வழக்கம் உங்களுக்கு. எனக்குப் புரியாதா?"

அவர் தலையசைத்தார்.  பிறகு யாரும் கேட்காமலே வரிசையின் கடைசிக்கு நடந்து போய், ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டும் காத்தவராயனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர் வரிசையில் அப்போது முதல் வீட்டின் கூரைக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். அத்தாப்பு ஓலை படபடவென்று வெடித்தது.

புகை வாசம் கொட்டிலுக்குள் போனதும் குண்டம்மா மிரண்டது. மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. கயிறு கட்டி இழுத்தார்கள், நகரவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள், அதற்கும் நகரவில்லை. ஓடப் பார்த்தால்கூடப் பிடித்துவிடலாம். படுத்தே விட்டால்?

ஆபீசர் வந்தான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, இருபத்தைந்து வயசுகூட இருக்காத பிள்ளை. ஏதோ சொன்னான். லாவ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, பன்னியை விட்டுட்டு வந்து ஏறச் சொல்றாங்க. இந்தப் பக்கத்து வீடுங்களுக்கும் இப்ப வெச்சுடுவாங்க."

நியுக் மொய் கொட்டிலுக்குள் நுழைந்தாள். குண்டம்மாவின் பக்கத்தில், சாணியும் வைக்கோலுமாகக் கிடந்த தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது ஏறினாத்தான் நானும் ஏறுவேன்."

"அக்கா, அடம் பிடிக்காதீங்க. கொட்டிலுக்கும் சேர்த்துத்தான் நெருப்பு வைப்பாங்க."

"வைக்கட்டும். உள்ள எத்தனை உசுரு இருக்குன்னு எண்ணிட்டு வைக்கச் சொல்லு. இது வயித்துல இருக்கறதையும் சேர்த்து எண்ணச் சொல்லு."

அவள் குரல் உயரவே இல்லை.  குண்டம்மாவின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள்.

வாசலில் நின்ற கியூ தாய் மருமகளைப் பார்த்தாள். அவளைப் பெண்ணெடுத்து வந்தது கல்யாண மேளத்தோடு அல்ல. பெண் குழந்தைகள் அதிகமாகிப்போன ஒரு வீட்டிலிருந்து, பிற்காலத்தில் மருமகளாக்கிக்கொள்ளலாம் என்று, முலைப்பால் மறக்காத பிள்ளையாகவே வாங்கி வந்தாள். அந்த வருஷம்தான் லம்பத்துச் சுவர் சரிந்து கியூ தாயின் புருஷன் மண்ணோடு போனான். முதுகில் ஃபோ சென், முன்னால் இந்தப் பெண் என்று இரண்டையும் துணியில் கட்டிக்கொண்டு ஈயம் அலசினாள். அவளைப் போன்ற ஹக்கா இனப் பெண்கள் பாதத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிச் சிறிதாக்காதவர்கள், காட்டுக்காலிகள் என்று மற்றச் சீனப் பெண்கள் ஏளனம் பேசுவார்கள். கட்டப்படாத அந்தக் கால்களை ஆற்றில் ஊன்றித்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். ஆனால் ஒரு நாளும் அந்தப் பெண்ணை மகளே என்று அழைத்ததில்லை. கோபம் வந்தால் 'கொடுத்த பிள்ளை' என்பாள். கோபம் அடிக்கடி வரும்.

இப்போது கியூ தாயும் கொட்டிலுக்குள் போனாள். மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூன் லின் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.

லாவ் ஆபீசரிடம் ஏதோ பேசினான். நியுக் மொய் சொன்னதைவிட நீளமாகவே பேசியிருக்க வேண்டும். ஆபீசர் தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

"கடைசி லாரி கிளம்பற வரைக்கும் நேரம் குடுத்திருக்காரு," என்றான் லாவ். "அதுக்குள்ள ஏத்துங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, அக்கா. சத்தியமா."

காத்தவராயன் லாரியைப் பின்னோக்கியே ஓட்டிக் கொட்டில் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான்.

"ஏத்துங்கம்மா, ஏத்துங்க," என்றான் கடைத்தெரு மலாயில். "எங்க முதலாளியோட மாமியாரையே இதுல ஏத்தியிருக்கேன். அந்தம்மா இதைவிட அடம்."

"எந்த மாமியாரைடா சொல்ற?" என்று கியூ தாய் முறைத்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். லியூ அக்கா வாத்துகளை மறந்துவிட்டுச் சிரித்தாள்.

லாரிக்கு ஏற்ற ஒரு பலகை வேண்டும். கதவுதான் கிடைத்தது. செங்கால் மரக் கதவைச் சரித்து வைத்தார்கள். காத்தவராயன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். குண்டம்மா ஒரு உதறு உதறியதில் அவன் சேற்றில் மல்லாந்தான். சிப்பாய்கள் சிரித்தார்கள்.

"இழுக்காதே! இழுத்தா வராது!" கியூ தாய் சுற்றும்முற்றும் பார்த்தாள். "சூன் லின், அந்தக் கீரைக் கூடையைக் கொண்டா!"

கூடையை வாங்கி, குண்டம்மாவின் முகத்தில் கவிழ்த்து அமுக்கினாள். முன்னால் ஒன்றும் தெரியாத குண்டம்மா, கூடையிலிருந்து தலையை உருவிக்கொள்ளப் பின்னால் நடந்தது. ஒரு அடி. இன்னும் ஒரு அடி.

"வாலைப் பிடி! திருப்பு! கதவுக்கு நேரா திருப்புடி!"

நியுக் மொய் வாலைப் பிடித்துக்கொண்டாள். படகுச் சுக்கானைத் திருப்புவது போலத் திருப்பினாள். கியூ தாய் கூடையோடு முன்னேற முன்னேற, குண்டம்மா பின்பக்கமாகவே கதவில் ஏறியது. சூன் லின் பக்கத்திலேயே ஓடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என் ராசாத்தி," என்று அழுதுகொண்டே கெஞ்சினாள். கதவு முனகியது. லாரியின் பின்தட்டில் நான்கு கால்களும் பதிந்தபோது, எரிகிற வீடுகளுக்கு நடுவே அந்த ஊரே கைதட்டியது. மூக்கு உரிந்த ஆபீசரும் தட்டிவிட்டு, உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கதவை எடு, கதவை எடு!" என்று கத்தியபடி கியூ தாய் அதை உள்ளே இழுத்துப் போட்டாள்.

லாரி திரும்பியபோது அவர்கள் வீட்டின் கூரையும் பற்றிக்கொண்டது. நியுக் மொய் பார்த்தாள். தான் வளர்ந்ததும், வாழ்க்கைப்பட்டதும், பிள்ளை வளர்த்ததும் அந்த ஒரே வீடு. சுவரில் தொங்கவிட்டிருந்த மரத்தட்டுகள் ஞாபகம் வந்து பதறினாள்.

"தட்டு, அத்தே! ஈயத்தட்டு!"

"இங்கேதான் இருக்கு. உக்காரு," என்றாள் கியூ தாய். இரண்டையும் மற்ற மூட்டைகளோடு அனுப்பாமல், குண்டம்மாவுக்குக் கட்டிய வைக்கோலுக்கு அடியில் அவள் செருகியிருந்தாள்.

பாதை குண்டும் குழியுமாக இருந்தது. ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் குண்டம்மா மூச்சை இழுத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் கியூ தாய்.

நியுக் மொய் முன்பக்கச் சட்டத்தைத் தட்டினாள். "அண்ணே, மெதுவா! மெதுவா போங்க!"

முன்னால் சிப்பாய்களின் வண்டி. பின்னாலும் சிப்பாய்களின் வண்டி. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். காத்தவராயன் தலையை வெளியே நீட்டி, "எஞ்சின் சரியில்ல துரை! சூடாகுது!" என்று கத்திவிட்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை.

முதல் குட்டி நியுக் மொய்யின் கையில்தான் வந்து விழுந்தது. வழுவழுவென்று, சூடாக. மூக்கைத் துடைத்தாள். அது தும்மியது. புருஷனின் பழைய சட்டையில் சுற்றிச் சூன் லின்னிடம் கொடுத்தாள். ஈயத்தட்டில் வைக்கோலைப் பரப்பி, சூன் லின் அதைத் தொட்டிலாக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது, மூன்றாவது. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் மூவரும் பன்றியின் மேலேயே விழுந்தார்கள். மழை தூற ஆரம்பித்தது. கியூ தாய் கதவைத் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வந்த கப்பல்லயும் ஒருத்திக்கு இப்படித்தான்," என்றாள் திடீரென்று. அவள் கப்பலைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். "அடித்தட்டுல எங்க எல்லாரையும் மீன் மாதிரி அடுக்கி வெச்சிருந்தான். எனக்குப் பதினேழு வயசு. புருஷன் முகம்கூடத் தெரியாது. பக்கத்துல படுத்திருந்தவளுக்கு வலி. விளக்கு இல்ல, தண்ணி இல்ல. நாங்க பொம்பளைங்க நாலு பேரு துணியை விரிச்சு மறைச்சு நின்னோம்."

"அந்தக் குழந்தை என்னாச்சு, பாட்டி?"

"என்னாகும்? பினாங்குல இறங்கறப்ப எங்க எல்லாரையும்விடச் சத்தமா அழுதுகிட்டே இறங்குச்சு."

கடைசிக் குட்டி அசையவில்லை. நியுக் மொய் அதன் வாயைத் துடைத்தாள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினாள். மார்பைத் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. கியூ தாய் கதவை லாரியின் பக்கச் சட்டத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தச் சின்ன மூக்கில் வாயை வைத்து ஊதினாள். எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி ஊதினாள். குட்டியின் கால் ஒன்று உதைத்தது.

"ம்... இதுவும் பொட்டைதான்," என்று பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள். "அதான் இவ்ளோ அழுத்தம்."

புதிய ஊர் என்று சொன்னார்கள். ஊர் எங்கே இருந்தது? செம்மண்ணைச் சுரண்டி எடுத்த ஒரு வெட்டவெளி. சுற்றிலும் இரட்டை முள்கம்பி. நடுவில் ஆளுக்கு ஒரு துண்டு என்று கட்டைகளை நட்டு நம்பர் எழுதியிருந்தார்கள். ஒரு மரம்கூட இல்லை. வாசலில் சோதனை. ஒரு சிப்பாய் இரும்புக் கம்பியால் வைக்கோலைக் குத்த வந்தான். கியூ தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவ படுத்திருக்கா. கம்பியை எடு. கையால தடவிப் பாரு."

பாஷை புரியாவிட்டாலும் அவனுக்குப் புரிந்தது. கையை விட்டுத் தடவினான். குண்டம்மா உறுமியது. அவசரமாகக் கையை எடுத்துக்கொண்டு, போகலாம் என்று சைகை காட்டினான்.

வேலிக்கு உள்ளே மேஜை போட்டு லாவ் உட்கார்ந்திருந்தான்.

"குடும்பத் தலைவர் யாரு? அம்மா, உங்க பேர்தானே?"

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் கேள்வியே இல்லாத பதில் அது. நியுக் மொய் ஒதுங்கி நின்றாள்.

"என் பேர் வேண்டாம்," என்றாள் கியூ தாய். "இவ பேரை எழுது."

"அத்தே..."

"நீ சும்மா இரு. காலையில நெருப்புக்கு முன்னால உக்காந்தது யாரு? நான் ரெண்டாவதாத்தானே வந்து உக்காந்தேன்?"

லாவ் எழுதினான். "உங்களுக்கு இவங்க என்ன உறவு? மருமகளா?"

கியூ தாய் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். மழைத்தண்ணீர் அவள் மோவாயில் சொட்டியது.

"மக," என்றாள். "மகன்னு போடு."

நியுக் மொய் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூட்டையின் முடிச்சை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள்.

சாயங்காலத்துக்குள் அவர்கள் துண்டில் நான்கு கம்பு நட்டாகிவிட்டது. சர்க்கார் கொடுத்த தகரம் ஒன்று. லியூ அக்கா எங்கிருந்தோ இழுத்துவந்தது ஒன்று. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. முதல் கூரை குண்டம்மாவுக்கு என்று பேச்சில்லாமலே முடிவாகியிருந்தது. குட்டிகள் வரிசையாகப் படுத்து முட்டி முட்டிக் குடித்தன. சூன் லின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசியாகப் பிறந்தது ஒதுக்கப்படும்போதெல்லாம் எடுத்து நல்ல காம்பில் சேர்த்தாள்.

அப்போதுதான் லாவ் வந்தான். கூட ஆபீசர் இல்லை. தகரக் குழாயும் இல்லை.

"அக்கா, இதை நாளைக்குத்தான் சொல்லச் சொன்னாங்க. இன்னைக்கே தெரிஞ்சா நீங்க ஒரு ராத்திரி யோசிக்கலாமேன்னு வந்தேன்." அவன் நிலத்தைப் பார்த்துப் பேசினான். "ஃபோ சென் அண்ணனைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பறாங்க. இந்த மாசம் போற கப்பல்ல. பொண்டாட்டி பிள்ளையும் கூடப் போகணும்னா போகலாமாம். போனா திரும்பி வர முடியாது. நாளைக்குக் காலையில பதில் கேப்பாங்க."

 பக்கத்துத் துண்டில் எங்கோ லியூ அக்காவின் வாத்து கத்தியது.

கியூ தாய்தான் முதலில் வாய் திறந்தாள்.

"திருப்பி அனுப்பறாங்களா? தம்பி, அவன் பொறந்தது இங்கே. அந்த மண்ணை அவன் மிதிச்சதே இல்ல. அங்க இருந்து வந்தவ நான். போகாதவனை எப்படித் திருப்பி அனுப்புவாங்க?"

லாவ் காலால் செம்மண்ணைக் கீறினான்.

"அப்பாவுக்கு அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள் சூன் லின்.

கியூ தாய் பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. காற்று தகரத்தை நெம்பித் தூக்கப் பார்த்தது. நியுக் மொய் எழுந்து ஒரு மூலையைப் பிடித்தாள். கியூ தாய் ஒரு மூலை, சூன் லின் கல்லின் மேல் ஏறி நின்று ஒரு மூலை. நான்காவது மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. லாவ் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து அதைப் பிடித்தான்.

நியுக் மொய் ஆணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒன்றை எடுத்து வைத்து அறைந்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு லாவைப் பார்த்துக் கேட்டாள்.

"கப்பல் ஏறறதுக்கு முன்னால அவரைப் பார்க்க விடுவாங்களா?"

"விடமாட்டாங்க, அக்கா."

"விடமாட்டாங்கன்னு யாரு சொன்னா? நீ கேட்டியா?"

"கேக்கல."

"அப்ப நான் கேக்கறேன். போறோமா, இல்லையாங்கறதெல்லாம் அவரைப் பார்த்த பிறகுதான். யாருகிட்ட போய் நிக்கணும், அதை மட்டும் சொல்லு."

லாவ் சுற்றுமுற்றும் பார்த்தான். வேலியோரக் காவல் மேடையைப் பார்த்தான். சொன்னது தெரிந்தால் அவன் வேலை போய்விடும். வேலை மட்டும்தான் போகும் என்றும் சொல்ல முடியாது.

தகரத்தில் மழை இரைந்து விழுந்தது. அந்த இரைச்சலுக்குள், நியுக் மொய்க்கு மட்டும் கேட்கும்படி, அவன் ஒரு பெயரைச் சொன்னான்.